பருப்பு வேகாத தண்ணியும் 37,000 ரூபா ஃபெலோஷிப்பும்

போன வாரம் கடலூர் தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணா. எம்எஸ்சி ஜுவாலஜி கடைசி செமஸ்டர். ஆனா அவளுக்கு மேல படிக்கணும்னு இருக்கறது மீனை மட்டும் இல்ல, ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருதுல்ல, அந்த ரெண்டு மாசமும் வீட்டுல பொம்பளைங்க எப்படி குடும்பம் ஓட்டறாங்க, எங்க கடன் வாங்கறாங்க, அந்தத் தடையால கடல்ல மீன் நெஜமாவே பெருகுதா, இதை எல்லாம் ஒண்ணா சேத்து படிக்கணுமாம். "அக்கா, இதுக்கு எந்த டிபார்ட்மென்ட்ல அப்ளை பண்றது, யாருக்கா காசு குடுப்பாங்க"ன்னு கேட்டா. ஒன்றரை மணி நேரம் பேசினேன், அப்படியும் பாதி விட்டுப்போச்சு. அவளுக்கும் அவள மாதிரி நம்ம ஊர் பசங்களுக்கும் சேத்து இங்க எழுதி வச்சிடறேன். நாலு வருஷம் முன்னாடி எனக்கு இதை யாராவது சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் மிச்சம் ஆயிருக்கும்.

முதல்ல என் கதை. நான் கடலூர் ஓட்டி, அதாவது முதுநகர். அப்பா துறைமுகத்துல ஐஸ் லோடு ஏத்தற வண்டி ஓட்டினாரு. நான் 2018-ல எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு ஒரு பிரைவேட் வாட்டர் டெஸ்டிங் லேப்ல சேந்தேன். வேலை என்னன்னா ஊர் ஊரா போயி போர் தண்ணி, கிணத்துத் தண்ணி பாட்டில்ல புடிச்சி, லேபிள் ஒட்டி, ஐஸ் பொட்டியில வச்சி எடுத்துட்டு வரணும், அப்புறம் லேப்ல உப்பு, கடினத்தன்மை, குளோரைடு, ஃப்ளூரைடு எல்லாம் பாத்து ரிப்போர்ட் போடணும். சிப்காட் பக்கம் குடிகாடு, ஈச்சங்காடுல இருந்து தெக்க பரங்கிப்பேட்டை வரைக்கும் சுத்தியிருக்கேன்.

அப்படி ஒரு நாள் உப்பனாறு ஓரமா ஒரு ஊர்ல (ஊர் பேர் வேணாம், அங்க இன்னும் வேலை நடக்குது) ஒரு ஆயா வீட்டு வாசல்ல கைப்பம்புல தண்ணி புடிச்சிட்டு இருந்தேன். மீட்டரை விட்டுப் பாத்தா டிடிஎஸ், அதாவது தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பெல்லாம் சேத்த அளவு, 1,840. இந்தியத் தரநிலை என்ன சொல்லுதுன்னா லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற தண்ணியே கிடைக்காத எடத்துல 2,000 வரைக்கும் விடலாம். அதனால என் ரிப்போர்ட்ல அந்தத் தண்ணி 'வரம்புக்குள்'னு தான் போகும். ஆயா என்ன பாத்து, "என்னா பாப்பா எழுதிக்கினு போற, இந்தத் தண்ணியில துவரம்பருப்பு வேகவே மாட்டுது, அதை எழுதினியா"ன்னு கேட்டாங்க. நான் எழுதல. எங்க ஃபார்ம்ல அதுக்கு கட்டமே இல்ல.

பருப்பு வேகாததுக்கு காரணம் எனக்குத் தெரியும். கடினத் தண்ணியில இருக்கற கால்சியமும் மெக்னீசியமும் பருப்புல இருக்கற பெக்டினைப் புடிச்சி இறுக்கிடும், எவ்ளோ விசில் விட்டாலும் மசியாது. ஆனா அந்த ஆயா சொன்னது இன்னும் பெருசு. பருப்புக்கு ஒரு தண்ணி, துணிக்கு ஒரு தண்ணி, குடிக்க அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கிணத்துத் தண்ணின்னு அந்தத் தெருவுல இருக்கற பொம்பளைங்க எல்லாரும் மனசுக்குள்ள ஒரு மேப் வச்சிருக்காங்க, சுனாமிக்கு முன்னாடி எந்தக் கிணறு இனிச்சுது, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் எது தேறிச்சுன்னு வருஷக்கணக்கோட சொல்றாங்க. லேப்ல அதுக்கு டேட்டாவே கிடையாது. அவங்ககிட்ட இருக்கு. அதோட அந்த இனிப்புக் கிணத்துல யாரு எறைக்கலாம் யாரு எறைக்கக்கூடாதுங்கறது வேற ஒரு கதை, அது கெமிஸ்ட்ரி இல்ல, ஆனா எந்த வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கறாங்கங்கறதை தீர்மானிக்கறதே அதுதான்.

அன்னிக்கு பஸ்ல திரும்பி வரும்போதே முடிவு பண்ணிட்டேன், இதைத் தான் படிக்கணும்னு.

நான் பண்ண முதல் தப்பு, கோர்ஸ் பேரைத் தேடினது. வாட்டர் சயின்ஸ், சஸ்டைனபிலிட்டி, கிளைமேட் ஸ்டடீஸ்னு பேர்ல என்ன அழகா இருக்கோ அதை எல்லாம் லிஸ்ட் போட்டேன். பேர்ல இன்டர்டிசிப்ளினரின்னு இருந்தாலும் உள்ள போயி பாத்தா சில எடத்துல அது ஒரு டிபார்ட்மென்ட்டுக்கு மாத்தி வச்ச போர்டு தான், பாடம் எல்லாம் ஒரே துறை. இன்னும் சில எடத்துல பேரு சாதாரணமா ஜியாலஜின்னோ ஜியாக்ரஃபின்னோ இருக்கும், ஆனா அங்க ஒரு ப்ரொஃபசர் பத்து வருஷமா ஊர்ல உக்காந்து ஜனங்களோட பேசி தண்ணியை படிச்சிட்டு இருப்பாரு. இதை கண்டுபுடிக்க நான் கத்துக்கிட்ட வழி ஷோத்கங்கான்னு ஒரு வெப்சைட். நம்ம நாட்டு யுனிவர்சிட்டி பிஎச்டி தீசிஸ் எல்லாம் அங்க இலவசமா கிடக்கு. 'நிலத்தடி நீர்', 'கிராமம்', 'பெண்கள்', இந்த மாதிரி உங்க கேள்வியில இருக்கற ரெண்டு மூணு சொல்லை ஒண்ணா போட்டுத் தேடுங்க, எந்த தீசிஸ் வருதோ அதோட கைடு யாரு, எந்தத் துறைன்னு நோட்ல எழுதுங்க. நான் அப்படி 40 பேர் எழுதினேன், அதுல என் கேள்விக்கு உண்மையிலயே ஒத்து வந்தது ஆறு பேர். அந்த ஆறு பேர் அஞ்சு வேற வேற துறையில இருந்தாங்க.

இந்தத் தேடலை எல்லாம் நான் பாண்டிச்சேரியில உக்காந்து தான் பண்ணேன். ஞாயித்துக்கிழமை காலைல பஸ் ஏறிடுவேன், ஆல்பேட்டை தாண்டி பெண்ணையாத்துப் பாலம், ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். வீட்டுல படிக்க எடம் கிடையாது, ஒரே ரூம். ரொமேன் ரோலண்ட் நூலகம் 1827-ல ஆரம்பிச்சது, அங்க ஒரு ஜன்னலோர சீட் எனக்குன்னே ஆயிடுச்சு. கொஞ்ச தூரம் நடந்தா பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், அது 1955-ல இருந்து இருக்கு. ஓலைச்சுவடி படிக்கறவங்க, காட்டுத் தாவரம் படிக்கறவங்க, சமூக ஆய்வு பண்றவங்க எல்லாம் அங்க ஒரே கூரைக்குக் கீழ வேலை செய்யறாங்க. அவங்க டிகிரி குடுக்கறது இல்ல, அதனால அங்க அப்ளை பண்ற கதை கிடையாது. ஆனா ஒரு கட்டடத்துக்குள்ள சுவடியும் செடியும் பக்கத்துப் பக்கத்து ரூம்ல இருக்கறதை நேர்ல பாத்ததுக்கு அப்புறம் 'இது எந்த சப்ஜெக்ட்டுமே இல்லையே'ன்னு யாராவது சொன்னா எனக்கு பயம் வர்றது நின்னுபோச்சு.

இன்னொண்ணும் அப்பதான் தெரிஞ்சுது. நம்ம ஊர் பேரை ஒரு பாறைக்கு வச்சிருக்காங்க, கடலூர் மணற்கல்னு. திருவக்கரையில கல்லா மாறிக் கிடக்கற மரங்கள் எல்லாம் அந்தப் பாறை அடுக்குல தான் இருக்கு. நெய்வேலியில நிலக்கரிக்குக் கீழ அழுத்தத்தோட நிக்கற தண்ணியை இறைச்சு வெளிய விட்டுக்கிட்டே இருந்தா தான் சுரங்கமே வெட்ட முடியும், அந்தத் தண்ணி இருக்கறதும் இதே அடுக்குல. அந்த ஊர்லயே பொறந்த எனக்கு இது 26 வயசுல ஒரு லைப்ரரியில தெரிய வந்துச்சு. ஸ்கூல்ல யாருமே சொல்லல. இதுல எனக்கு இன்னிக்கும் வருத்தம் உண்டு.

சரி, இப்ப பணம். இதை கொஞ்சம் நிதானமா படிங்க.

இந்த மாதிரி ரெண்டு மூணு துறை கலந்த படிப்புல சிக்கல் எங்கன்னா, சீட்டு குடுக்கறவங்க உங்க கேள்வியைப் பாக்கறாங்க, காசு குடுக்கறவங்க உங்க சப்ஜெக்ட் பேரைப் பாக்கறாங்க. ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு நாடு முழுக்க நடத்தற நெட் பரீட்சையில சிஎஸ்ஐஆர் நெட் எடுத்துக்கங்க, மொத்தமே அஞ்சு பெட்டி தான், கெமிஸ்ட்ரி, பூமி-கடல்-வளிமண்டலம், லைஃப் சயின்ஸ், மேத்ஸ், பிசிக்ஸ். யுஜிசி நெட்ல 80-க்கு மேல சப்ஜெக்ட் இருக்கு, அதுலயும் சோஷியாலஜி தனி, ஜியாக்ரஃபி தனி, சுற்றுச்சூழல் அறிவியல் தனி. உங்க கேள்வி நாலு பெட்டியில கால் வச்சிருந்தாலும் நீங்க ஒரே ஒரு பெட்டியில தான் பரீட்சை எழுத முடியும். அதனால காசுக்கு ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்து அதுல ஜெயிச்சிட்டு வாங்க, கேள்வியை அந்தப் பெட்டிக்குள்ள அடக்கணும்னு எந்த அவசியமும் இல்ல. பெட்டி வேற, கேள்வி வேற. இதைப் புரிஞ்சிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

முதல் வருஷம் நான் வெளிநாட்டுக்குத் தான் முயற்சி பண்ணேன். ஐரோப்பாவுல எராஸ்மஸ் முண்டஸ்னு இருக்கு, ரெண்டு மூணு நாட்டுல மாறி மாறி படிக்கற ஜாயின்ட் மாஸ்டர்ஸ். நிலத்தடி நீருக்குன்னே லிஸ்பன், டெல்ஃப்ட், டிரெஸ்டன்னு மூணு ஊர்ல நடக்கற கோர்ஸ் கூட இருக்கு. அந்த ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸ் இல்ல, மாசம் 1,400 யூரோ, 24 மாசம் வரைக்கும். கலந்த படிப்புக்கு இதைவிட பொருத்தமான ஸ்காலர்ஷிப் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஏன்னா இங்க கோர்ஸும் காசும் ஒரே அப்ளிகேஷன்ல வருது, பெட்டிப் பிரச்சினையே கிடையாது. எனக்கு ரிசர்வ் லிஸ்ட்ல பேரு வந்துச்சு, மேல இருக்கறவங்க யாரும் விலகல, அவ்ளோதான். ஜெர்மனியோட ஸ்காலர்ஷிப் குடுக்கற டாட் (DAAD) அமைப்புல வளரும் நாட்டுக்காரங்களுக்குன்னு தனியா ஒரு கோர்ஸ் லிஸ்ட் இருக்கு, அதுக்கு ரெண்டு வருஷமாவது வேலை பாத்திருக்கணும், டிகிரி முடிச்சு ஆறு வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. பிரிட்டனோட செவனிங் ஸ்காலர்ஷிப்புக்கும் ரெண்டு வருஷ வேலை, அவங்க அதை 2,800 மணி நேரம்னு கணக்கு வச்சிருக்காங்க, படிச்சு முடிச்சா ரெண்டு வருஷம் நம்ம நாட்டுக்குத் திரும்பி வந்துடணும். வேலைக்குப் போயிட்டோமே படிப்பு போச்சேன்னு கவலைப்படறவங்க இதைக் கவனிங்க. நீங்க லேப்லயோ என்ஜிஓவுலயோ பாத்த அந்த வேலை தான் இங்க தகுதி.

அந்த வருஷமே பிரிட்டன்ல ஒரு யுனிவர்சிட்டியில தண்ணி சம்பந்தமான ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு அட்மிட் வந்துச்சு. ஸ்காலர்ஷிப் இல்லாம. வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம், அண்ணன் பிரியாணி வாங்கிட்டு வந்தான். ராத்திரி உக்காந்து கணக்கு போட்டோம், ஃபீஸ், ரூம், சாப்பாடு, விசா, இன்சூரன்ஸ், டிக்கெட் எல்லாம் சேத்து 31 லட்சம். அப்பாவோட பிஎஃப், அம்மா நகை, அண்ணன் சீட்டுப் பணம் எல்லாத்தையும் கூட்டினா அஞ்சரை லட்சம்.

பேங்க்குக்குப் போனேன். எந்த பேங்க்னு சொல்ல வேணாம். வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணிட்டு நேர்லயும் போனேன். பொதுவா கல்விக் கடன் 7.5 லட்சம் வரைக்கும் அடமானம் இல்லாம வாங்கலாம், அதுக்கு மேலன்னா சொத்து காட்டணும். எங்க வீடு இருக்கற எடத்துக்கு பட்டா கிடையாது, துறைமுகத்தை ஒட்டி இருக்கற நிறைய வீட்டுக்கு கிடையாது, மூணு தலைமுறையா இருக்கோம், கரண்டு பில்லு இருக்கு, வரி ரசீது இருக்கு, பட்டா இல்ல. மேனேஜர் கோர்ஸ் பேரை ரெண்டு தடவை படிச்சாரு. "இது இன்ஜினியரிங்கா, மேனேஜ்மென்ட்டாம்மா"ன்னு கேட்டாரு. ரெண்டும் இல்ல சார்னு சொன்னேன். "அப்ப முடிச்சா என்னா வேலை"ன்னு கேட்டாரு. தண்ணி, ஜனங்க, ஆயா, பருப்புன்னு நான் எல்லாத்தையும் சொன்னேன், அவரும் பொறுமையா கேட்டாரு, கேட்டுட்டு ஃபைலை என் பக்கம் தள்ளி வச்சாரு. அவர் கேட்டதுல தப்பில்ல, ஆனா அந்த ஃபைல் மேஜை மேல நகர்ந்து வந்த சத்தம் எனக்கு இன்னும் காதுல இருக்கு.

அந்த அட்மிட்டை நான் வேணாம்னு எழுதி அனுப்பினேன். டெபாசிட் கட்ட கடைசி தேதிக்கு மூணு நாள் முன்னாடி. அழுதேன், ரெண்டு நாள் சாப்பிடல. ஆனா இன்னிக்கு யாரு கேட்டாலும் அதையே தான் சொல்லுவேன், 31 லட்சம் கடன் வாங்கிட்டுப் போயி ஒரு வருஷத்துல திரும்பி வந்து இந்த மாதிரி படிப்பை வச்சு அதை அடைக்கறது நம்மள மாதிரி வீடுங்களால முடியாது. கம்ப்யூட்டர் படிக்கறவங்க கணக்கு வேற. காசு இல்லாம வர்ற அட்மிட்டை பாதி அட்மிட்டா தான் எடுத்துக்கணும். அதோட தேதியைப் பாருங்க, நிறைய ஸ்காலர்ஷிப்புக்கு கடைசி நாள் அட்மிஷனோட கடைசி நாளுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும், சீட்டு கிடைச்சதும் காசைத் தேடலாம்னு இருந்தீங்கன்னா அந்த வருஷம் போயிடும். நான் இப்ப யாருக்கு சொன்னாலும் காலண்டர்ல முதல்ல பணத்தோட தேதியை எழுது, அப்புறம் யுனிவர்சிட்டி தேதியை எழுதுன்னு தான் சொல்றேன்.

நெல்லிக்குப்பம் பக்கத்துல இருந்து என் ஃப்ரெண்டு ஒருத்தி, அவளுக்கு நடந்ததையும் சொல்லணும், ஏன்னா இது கலந்த படிப்புக்காரங்களை நேரா அடிக்கற விஷயம். ஒன்றிய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு, பட்டியல் சமூகம், சீர்மரபினர், நிலமில்லாத விவசாயக் கூலி, பாரம்பரிய கைவினைஞர் குடும்பத்துப் பசங்களுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள்ள, வயசு 35-க்குள்ள, 60 சதவீத மார்க், நாடு முழுக்க 125 எடம். அவ பட்டியல் சமூகத்துப் பொண்ணு, எல்லாத் தகுதியும் இருந்துச்சு. அவ தலைப்பு நம்ம பக்கத்து ஏரிப் பாசனத்துல யாருக்கு எப்ப முறை வருது, சேரிப் பக்கத்து நிலத்துக்கு ஏன் கடைசியா வருதுங்கறது. 2022-ல அந்தத் திட்டத்துக்கு வந்த விதிமுறையில இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவை வச்சு செய்யற சமூக ஆய்வு இதுக்கெல்லாம் கிடையாதுன்னு போட்டுட்டாங்க. தன் ஊரைப் பத்தி வெளிநாட்டுல போயி படிக்கணும்னு நினைச்ச பொண்ணுக்கு அந்த ஒரு வரி கதவை சாத்திடுச்சு. இது நியாயமே இல்லைன்னு தான் நான் இன்னிக்கும் நினைக்கறேன். அவ அப்புறம் நெட் எழுதி, பட்டியல் சமூக மாணவர்களுக்கான நேஷனல் ஃபெலோஷிப் வாங்கி இங்கயே பிஎச்டி சேந்துட்டா, அதே ஏரி, அதே கேள்வி. தமிழ்நாடு அரசுலயும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு அண்ணல் அம்பேத்கர் பேர்ல ஒரு திட்டம் இருக்கு, தகுதி இருக்கறவங்க அதோட விதியை வரி விடாம படிங்க, தலைப்பு பத்தி என்ன போட்டிருக்குன்னு முக்கியமா பாருங்க.

ரெண்டாவது வருஷம் நான் திசையை மாத்தினேன். நெட். கெமிஸ்ட்ரியில சிஎஸ்ஐஆர் எழுதலாமான்னு பாத்தேன், மெக்கானிசம், ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி எல்லாம் விட்டு அஞ்சு வருஷம் ஆச்சு, நெகட்டிவ் மார்க் வேற. யுஜிசி நெட் லிஸ்ட்ல கெமிஸ்ட்ரியே கிடையாது, உங்க பிஜி சப்ஜெக்ட் அந்த லிஸ்ட்ல இல்லைன்னா தொடர்புள்ள ஒண்ணை எழுதலாம், அந்த வழியில நான் சுற்றுச்சூழல் அறிவியல் எடுத்தேன். முதல் பேப்பர் 50 கேள்வி பொது, ரெண்டாவது 100 கேள்வி சப்ஜெக்ட், மொத்தம் 300 மார்க், மூணு மணி நேரம், நெகட்டிவ் கிடையாது. வேலைக்குப் போயிட்டே தான் படிச்சேன், பஸ்ல போக வர படிச்சதே பாதி. நெட்ல நல்ல மார்க் எடுத்தா கிடைக்கற ஜூனியர் ஃபெலோஷிப், அதான் ஜேஆர்எஃப், அதுக்கு வயசு வரம்பு 30, ஆனா பெண்களுக்கும் ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், திருநர்களுக்கும் அஞ்சு வருஷம் தளர்வு உண்டு. நம்ம பக்கம் நிறைய பொண்ணுங்க 30 ஆச்சுன்னு விட்டுடறாங்க, விடாதீங்க.

ஜேஆர்எஃப் வந்துச்சு. 2023 ஜனவரியில இருந்து அது மாசம் 37,000 ரூபா, ரெண்டு வருஷம் கழிச்சு சீனியர் ஆனா 42,000, ஹாஸ்டல்ல இல்லாம வெளிய தங்கினா வீட்டு வாடகைப் படி தனி. சென்ட்ரல் யுனிவர்சிட்டியில ஜேஆர்எஃப் இல்லாம பிஎச்டி சேர்றவங்களுக்கு மாசம் 8,000 தான், ரெண்டுக்கும் இருக்கற தூரத்தைப் பாருங்க. அந்த ரிசல்ட் பேப்பரோட நான் போனப்ப என்னை நடத்தின விதமே மாறிச்சு, அது நல்லதா கெட்டதான்னு தெரியல, ஆனா நடந்தது அது தான்.

உடனே சீட்டு கிடைச்சுதான்னா இல்ல. ஒரு யுனிவர்சிட்டியில இன்டர்வியூவுல "இதுல கெமிஸ்ட்ரி எங்க இருக்கு, நீங்க சோஷியாலஜிக்குப் போங்க"ன்னாங்க. சோஷியாலஜிக்குப் போனா "உங்களுக்கு தியரி பேக்கிரவுண்டே இல்லையேம்மா"ன்னாங்க. ரெண்டும் ஒரே காம்பவுண்டு, நடுவுல ஒரு வேப்பமரம். அந்த மரத்தடியில கொஞ்ச நேரம் உக்காந்துட்டுத் தான் வந்தேன்.

அடுத்த இன்டர்வியூவுக்கு நான் ரெண்டு காரியம் பண்ணேன். ஒண்ணு, யுஜிசியோட 2022 பிஎச்டி விதிமுறையை பிரின்ட் எடுத்துட்டுப் போனேன். வேற துறையில இருந்தோ வேற நிறுவனத்துல இருந்தோ கோ-கைடு வச்சிக்கலாம்னு அதுல தெளிவா இருக்கு. அந்தப் பக்கத்துல பென்சில்ல கோடு போட்டு வச்சிருந்தேன். "ரெண்டு துறைக்கு எப்படிம்மா"ன்னு கேட்டதும் எடுத்து நீட்டினேன். சார் கண்ணாடியைப் போட்டு படிச்சிட்டு பக்கத்துல இருந்த மேடம் கிட்ட குடுத்தாரு, அவங்களும் படிச்சாங்க, பேச்சு அந்த எடத்துல இருந்து வேற மாதிரி போச்சு. அதுவரைக்கும் முடியுமா முடியாதான்னு இருந்தது அப்புறம் யாரை கோ-கைடா போடலாம்னு ஆயிடுச்சு. நான் ஷோத்கங்காவுல எழுதி வச்ச ஆறு பேர்ல ரெண்டு பேரைச் சொன்னேன், அதுல ஒருத்தங்களுக்கு மூணு மாசம் முன்னாடியே மெயில் போட்டு அவங்க ஒத்துக்கிட்ட பதிலும் கையில இருந்துச்சு.

ரெண்டாவது காரியம், ஏன் இதைப் படிக்கணும்னு அப்ளிகேஷனோட எழுதிக் குடுக்கற ஸ்டேட்மென்ட்டை மொத்தமா மாத்தி எழுதினேன். பழசுல முதல் வரி 'சின்ன வயதிலிருந்தே எனக்குச் சுற்றுச்சூழலில் ஆர்வம் உண்டு'ங்கற மாதிரி இருந்துச்சு. அதைப் படிச்சா நான் யாருன்னே தெரியாது, யாரு வேணா எழுதலாம். புதுசுல முதல் வரி, 'டிடிஎஸ் 1,840 காட்டிய ஒரு கைப்பம்பின் தண்ணீர் என் அறிக்கையில் வரம்புக்குள் என்று பதிவானது. அதே தண்ணீரில் பருப்பு வேகாது என்று அந்த வீட்டுப் பெண் சொன்னதை எழுத என் படிவத்தில் இடமில்லை.' அதுக்கு அப்புறம் என்ன கேள்வி, அதுக்கு கெமிஸ்ட்ரி எதுக்கு, ஜனங்ககிட்ட பேசறது எதுக்கு, ஒண்ணு இல்லாம இன்னொண்ணு ஏன் பத்தாது, ரெண்டு பக்கம், அவ்ளோதான். கலந்த படிப்புக்கு எழுதறப்ப 'எனக்கு எல்லாத்துலயும் ஆர்வம்'னு எழுதிடாதீங்க. ஒரே கேள்வி, அதுக்கு ஏன் ரெண்டு துறை வேணும்னு காட்டுங்க. உங்களுக்கு எந்தத் துறை தெரியாதோ அதையும் மறைக்காம எழுதி, அதுக்கு என்ன படிச்சிட்டு இருக்கீங்கன்னு போடுங்க, நான் சோஷியாலஜியில என்னென்ன படிச்சேன்னு ஒரு பாராவே எழுதினேன், இன்டர்வியூவுல அதுல இருந்து தான் பாதி கேள்வி வந்துச்சு.

ரெஃபரன்ஸ் லெட்டரும் அப்படித்தான். மூணு கெமிஸ்ட்ரி சார்கிட்ட வாங்கினா மூணுலயும் 'நல்ல மாணவி, ஒழுங்காக வருவார்' தான் இருக்கும். நான் ஒண்ணு காலேஜ் மேடம் கிட்ட, ஒண்ணு லேப் இன்சார்ஜ் கிட்ட, மூணாவது நான் வேலை பாத்த கிராமங்கள்ல மகளிர் குழு நடத்தற ஒரு அக்காகிட்ட. அந்த அக்கா தமிழ்ல தான் எழுதிக் குடுத்தாங்க, நான் தப்பு வராம மொழிபெயர்த்து ரெண்டையும் சேத்து வச்சேன். ஒவ்வொரு லெட்டரும் என்னோட ஒவ்வொரு பக்கத்தைச் சொல்லிச்சு.

சேந்தாச்சு. இப்ப ரெண்டு கைடு. ரெண்டு பேரும் தினமும் என்னோட வேலை செய்யறவங்க, அதனால பேரும் எடமும் போடல.

சேந்ததுக்கு அப்புறமும் காசு விஷயத்துல தெரிஞ்சிருக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. ஃபெலோஷிப் முதல் மாசத்துல இருந்தே கைக்கு வந்துடும்னு நம்பாதீங்க. என் பேப்பர் ஒரு ஆபீஸ் மேஜையில இருந்து இன்னொரு மேஜைக்குப் போயி கையெழுத்து ஆகி முதல் தொகை வர அஞ்சு மாசம் ஆச்சு, அரியரோட தான் வந்துச்சு, அது வரைக்கும் லேப்ல வேலை பாத்து சேத்து வச்ச 60,000-ல தான் ஓட்டினேன். அதனால வேலையை விடறதுக்கு முன்னாடி ஆறு மாசச் செலவை தனியா எடுத்து வச்சிடுங்க. அப்புறம் கன்டிஜென்சின்னு ஒண்ணு உண்டு, ஆய்வுச் செலவுக்கு, ஆர்ட்ஸ்னா முதல் ரெண்டு வருஷம் வருஷத்துக்கு 10,000, அப்புறம் 20,500. சயின்ஸ்னா 12,000, அப்புறம் 25,000. என்ன மாதிரி ரெண்டுலயும் கால் வச்சிருக்கறவங்க எந்தத் துறையில பதிவு பண்றாங்களோ அந்தக் கணக்கு தான். பாட்டில், கெமிக்கல், வண்டி வாடகை எல்லாம் சயின்ஸ் செலவு, ஊர்ல போயி பத்து நாள் தங்கி பேசறது ஆர்ட்ஸ் செலவு, ரெண்டும் எனக்கு உண்டு, ஆனா தொகை ஒண்ணு தான். பதிவு பண்ற துறையை தேர்ந்தெடுக்கறப்ப இதையும் மனசுல வைங்க. இன்னொண்ணு, பிஎச்டி ஆறு வருஷம் வரைக்கும் இழுக்கலாம், பெண்களுக்கு அதுக்கு மேல ரெண்டு வருஷம் கூட குடுக்கறாங்க, ஆனா ஃபெலோஷிப் அஞ்சு வருஷத்தோட நின்னுடும். ரெண்டு துறை வேலை ஒரு துறை வேலையை விட நேரம் எடுக்கும், அது நிச்சயம். அதனால முதல் வருஷத்துலயே ஃபீல்டு வேலையை ஆரம்பிச்சிட்டேன், கோர்ஸ்வொர்க் முடியட்டும்னு காத்திருக்கல.

பிஎச்டி வேணாம், மாஸ்டர்ஸ் தான் வேணும்னா கேட் (GATE) பரீட்சையையும் பாருங்க. 2021-ல இருந்து அதுல சுற்றுச்சூழல் அறிவியல்-பொறியியல்னு ஒரு பேப்பரும் ஹியூமானிட்டீஸ்-சமூக அறிவியல்னு ஒரு பேப்பரும் சேத்திருக்காங்க, கேட் வழியா எம்டெக் சேந்தா மாசம் 12,400 உதவித்தொகை உண்டு. குறைச்சல் தான், ஆனா கடன் இல்ல. வெளிநாட்டுக்குப் பாதி காசு தான் குறையுதுங்கறவங்களுக்கு ஜே.என். டாடா எண்டோமென்ட், 1892-ல இருந்து நடக்குது, அது கடன் ஸ்காலர்ஷிப், திருப்பிக் கட்டணும், அதையும் கணக்குல எடுத்துக்கங்க.

அந்தத் தேவனாம்பட்டினம் தங்கச்சிக்கு நான் சொன்னது இது தான். அவ பெட்டி இப்போதைக்கு சிஎஸ்ஐஆர் லைஃப் சயின்ஸ், ஏன்னா அவ எம்எஸ்சி இப்ப தான் முடிக்கறா, பாடம் இன்னும் மனசுல இருக்கு. நெட் எழுதறதுக்குள்ள வர்ற தடைக்காலத்துல 61 நாளும் அவ தெருவுலயே பத்து வீட்டுல தினச் செலவை எழுதி வைக்கச் சொன்னேன், மீன் வித்த காசு, வட்டி, அடகு, கடைக் கடன் எல்லாம். ஸ்டேட்மென்ட்டுக்கு முதல் வரி அதுல இருந்து வரும். நேத்து மெசேஜ் போட்டிருந்தா, நோட்டு வாங்கிட்டாளாம், அவங்க அம்மா தான் முதல் வீடாம்.

எனக்கு வர்ற வாரம் மழைக்கு முந்தின சாம்பிள். அந்த ஆயா வீட்டு கைப்பம்பு 14-ம் நம்பர் பாட்டில். இந்தத் தடவை ஃபார்ம்ல பருப்புக்கு ஒரு கட்டம் போட்டிருக்கேன், எத்தனை விசில்னு எழுதற மாதிரி.